அரம் போட்ட இடம்

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மன்னாரில் பழைய மோட்டார் சைக்கிள் விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் சில வருடங்கள் என்னைத்தான் தேடி வந்தார்கள். ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் கணவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நான் நேராகப் போய் ஒரு நண்டு வியாபாரியின் பெட்டிகளுக்குள் விட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் நண்டுக்கறிதான், வேறு வழியில்லை. ஆனால் ஒரு வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தால் எது அதனோடு பிறந்தது, எது இடையில் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவேன். சமைக்கத் தெரியாதவருக்கும் உப்புக் கூடினால் தெரியும்தானே.

அப்பா மன்னார் ரவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அந்தக் கடையின் மேசைக்குப் பின்னால்தான் இருப்பேன். பிறகு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனோம். அகதி முகாமில் இருந்துகொண்டே இராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனேன். அங்கேயும் அதே வேலை, சாமான் எடுத்துக் கொடுப்பது. சண்டை முடிந்து திரும்பி வந்தபோது அப்பா இல்லை, கடை இருந்த இடத்தில் பாதிச் சுவர் இருந்தது. அந்தப் பாதிச் சுவருக்கு மறுபாதி கட்டி, நானும் கணவரும் திரும்பவும் கடையைத் திறந்தோம்.

பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மடு மாதா கோயிலுக்கு வந்தவர்கள், பறவை பார்க்க வந்தவர்கள், இவர்களோடு பழைய மோட்டார் சைக்கிள் தேடி வந்தவர்களும். தெற்கில் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்ட இங்கிலாந்து வண்டிகள் எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருந்தன. எங்களுக்குப் பழசின் மேல் பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். சண்டைக் காலத்தில் புதிதாக ஒன்றும் வரவிடவில்லை, அதனால் இருந்ததையே ஓட்டினோம். பெற்றோலும் வரவில்லை, அதனால் நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஏமாற்றி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம்.

அப்படி வந்தவர்களில் கொழும்புத் தமிழர் ஒருவர் இருந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்து, மினுக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக ஓட்டிப் போகிற ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் ஒரே கேள்வி.

"அக்கா, எல்லாம் ஒறிஜினலா?"

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கட பக்கம் மனுசரே முழுசா இல்லை, தம்பி. உங்களுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும் முழுசா வேணுமோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் பாவமாக இருந்தது. அதன் பிறகு அவர் என் சொல்லை இன்னும் கூட நம்பத் தொடங்கினார், ஏன் என்று எனக்குத் தெரியாது.

நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். வாங்க வருகிறவர்கள் முதலில் பெற்றோல் டாங்கியைத் தடவுவார்கள், பெயின்ற்றைப் பார்ப்பார்கள். நான் நட்டுகளைப் பார்ப்பேன். அந்தக் கால இங்கிலாந்து நட்டுக்கு எங்கள் கடைகளில் கிடைக்கும் ஸ்பனர் பொருந்தாது. கிடைத்ததை வைத்து நெம்பியதில் மூலைகள் மழுங்கிப் போயிருக்கும். மழுங்கியிருந்தால் சந்தோஷம். எல்லா நட்டும் கூராக, பளபளவென்று இருந்தால் யாரோ நாடகம் போட்டிருக்கிறார்கள். அடுத்தது கார்பரேட்டர். எங்கள் பக்கத்து வண்டியாக இருந்தால் மண்ணெண்ணெய்க்காகத் துளைத்த சின்ன ஓட்டை ஒன்று அதன் கழுத்தில் இருந்தே ஆகவேண்டும். கடைசியில் நம்பர். வண்டியின் கழுத்து இரும்பில் ஒரு நம்பர், எஞ்சினின் பக்கத்தில் ஒரு நம்பர், தொழிற்சாலையில் வெட்டியது. இரண்டும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம், நம்பரை மன்னிக்க முடியாது.

ஒரு நாள் காலையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் மனிதர் கடைக்கு வந்தார். அவர் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு வள்ளத்தில் போனவர், இருபது வருடங்களுக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு மனைவியோடு திரும்பி வந்திருந்தார். சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு போய் விற்பவர். பிள்ளைகள் அங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார்கள். இங்கே வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டார், கூரை இல்லை. தறப்பாளைக் கட்டிக்கொண்டு கீழே இருந்தார்கள்.

"மழைக்கு முதல் கூரை போடாட்டி நான் புத்தளத்துக்குப் போறன் எண்டு அவ சொல்லிப்போட்டா, தங்கச்சி. அவ போனா நானும் போகத்தான் வேணும். போனா இனி வரமாட்டம், எனக்குத் தெரியும். வாப்பாட வண்டி ஒண்டு இருக்கு. அதை வித்தா கூரை போட்டிடுவன்."

தலைமன்னார்த் துறையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இவருடைய வாப்பா அந்த வண்டியை வாங்கியிருக்கிறார். அந்த வகையில் மன்னாரில் அது ஒன்றுதான் இருந்தது. ஊரை விட்டுப் போகும்போது வள்ளத்தில் வண்டியை ஏற்ற முடியவில்லை. பக்கத்துக் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் இருந்த, இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த கத்தோலிக்க நண்பர் ஒருவர், கடல்தொழில் செய்பவர், வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாராம். நீ வருமட்டும் நான் வைத்திருக்கிறேன் என்று சொன்னாராம். வைத்துமிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது வண்டி அந்த வீட்டிலேயே நின்றது.

இதைச் சொல்லும்போது அந்த மனிதருடைய முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. வண்டியைப் பற்றிய பெருமை இல்லை, நண்பனைப் பற்றியது. போன இடத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் எத்தனை பேருக்கு விட்டுப்போன கதிரை மேசையாவது கிடைத்தது? எங்களுக்குக் கடையின் கதவு நிலை கூடக் கிடைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

நான் கொழும்புக்காரருக்குப் போன் பண்ணினேன். வகையைச் சொன்னதும் அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மெதுவாக, "அக்கா, நீங்க பாத்து நம்பர் சரியெண்டு சொன்னாப் போதும். நான் லொறியோட வாறன்" என்றார்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து, கணவர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாழ்வுபாட்டுக்குப் போனார். என்னை இறக்கிவிட்டுத் தனக்கு மீன் வாங்க வேண்டும் என்று கடற்கரைப் பக்கம் போய்விட்டார். விலை பேசுகிற இடத்தில் நிற்பதே அவருக்குக் கூச்சம். துணி வியாபாரி எனக்கு முன்பே வந்திருந்தார். முற்றத்தில் கதிரை போட்டிருந்தார்கள். வலைக் குவியலுக்குப் பக்கத்தில் ஓலையால் இறக்கிய ஒரு பத்திக்குக் கீழே வண்டி நின்றது. அதைச் சுற்றி ஊரில் உள்ள பூனைகள் எல்லாம் படுத்திருந்தன.

கிட்டப் போனதும் காரணம் புரிந்தது. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று துணி வியாபாரியின் நண்பர் இத்தனை வருடமும் வண்டிக்குச் சுறா எண்ணெய் பூசியிருக்கிறார். வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெய். அதில் தூசி படிந்து, அதற்கு மேல் திரும்ப எண்ணெய் பூசி, தோல் போலத் தடித்திருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"மணக்குதோ தங்கச்சி?" என்றார் அந்த வீட்டுக்கார நண்பர்.

"இல்லை அண்ணன், பன்னீர் தெளிச்ச மாதிரி இருக்கு."

இரண்டு நண்பர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வீட்டுக்காரர் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத்தான் என் பேச்சைக் கேட்டார். கடலில் எஞ்சின் சத்தத்தில் காது கெட்டவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர், அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மண்ணெண்ணெயும் பழந்துணியும் வாங்கிக்கொண்டு நான் குந்தினேன். துடைக்கத் துடைக்க எனக்கு மனம் குளிர்ந்துபோனது. அடியில் அந்தக் காலத்துக் கறுப்புப் பெயின்ற் அப்படியே இருந்தது. சீற்றுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங்குகள் அதனுடையவை. விளக்கின் வளையம் அதனுடையது. நட்டுகளின் மூலைகள் மழுங்கியிருந்தன. கார்பரேட்டரின் கழுத்தில் ஊசித் துளை இருந்தது, அதில் மண்ணெண்ணெய்க் குழாய் வைத்து ஒட்டிய ஈயம் கூட இருந்தது. கிளச்சுக் கேபிள் ஒன்றுதான் வேறு, அதையும் வலைக்கயிறு முடிகிற முடிச்சில் முடிந்து வைத்திருந்தார். நான் பார்த்த வண்டிகளில் இவ்வளவு சுத்தமான வண்டி கிடையாது. அதை வாய்விட்டும் சொன்னேன். துணி வியாபாரி எழுந்து வந்து நண்பரின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டு, தோளில் கைபோட்டு நின்றார்.

கடைசியாகக் கழுத்தைத் துடைத்தேன். நம்பர் இல்லை.

சுரண்டிப் பார்த்தேன். இரும்பு மழமழவென்று இருந்தது, கொஞ்சம் உள்வாங்கியும் இருந்தது. அரத்தின் கோடுகள் சரிவாக ஓடின. கீழே குனிந்து எஞ்சினின் பக்கத்தைத் துடைத்தேன். அங்கேயும் அப்படித்தான். யாரோ ஆறுதலாக, அவசரப்படாமல், இரண்டு இடத்திலும் நம்பரை அராவி எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று களவு வண்டி. இல்லாவிட்டால் ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு இன்னொன்றைப் பொருத்தியது. அந்த வகை எஞ்சினுக்கு வள்ளத்தில் பூட்டவும் தண்ணீர் இறைக்கவும் ஒரு காலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. நான் நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அண்ணன், இந்த இடத்தில ஆர் அரம் போட்டது?"

அவர் தலையைச் சாய்த்தார். கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் சத்தமாகக் கேட்டேன். அவர் வண்டியைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார், வலைக் குவியலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

அது பொய் என்று பூனைகளுக்கும் தெரிந்திருக்கும். வண்டி வேறு எங்கேயும் நிற்கவில்லை, இவரிடம்தான் நின்றது. துணி வியாபாரியின் கை மெல்ல நண்பரின் தோளை விட்டு இறங்கியது. வீட்டுக்கார அம்மா பாலில்லாத பிளேன்டீ கொண்டுவந்தார், நாங்கள் குடித்தோம். நான் கணவருக்குப் போன் எடுத்து வரச் சொன்னேன்.

கொழும்புக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேறு என்ன செய்ய? என் சொல்லை நம்பித்தான் அவர் கேட்கிறார். நம்பர் இல்லாத வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாது, தவிர அது புத்தகத்தில் உள்ள அதே வண்டிதானா என்பதற்கும் அத்தாட்சி இல்லை என்றார் அவர். நியாயம்தான்.

துணி வியாபாரிக்கும் சொன்னேன். அவர் என் கடையில், துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிறைய நேரம் இருந்தார்.

"நான் புத்தளத்தில இருக்கேக்க இங்கயிருந்து வந்த ஒராள் சொன்னது, தங்கச்சி. உன்ர சினேகிதன் அந்த வண்டி தன்ர எண்டு றோட்டில மறிக்கிற சென்றியில சொன்னானாம் எண்டு. நான் அந்தாளோட சண்டை பிடிச்சனான். இப்பதான் விளங்குது. நல்லதை வித்துத் திண்டுபோட்டு, நான் வந்த உடன எதையோ பொருத்திக் காட்டியிருக்கிறான்."

"அப்பிடித் தெரியேல்லை, நானா. மற்றது எல்லாம் சரியா இருக்கு" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்ப ஏன் தெரியாது எண்டவன்?"

எனக்கு அந்தத் தாழ்வுபாட்டு மனிதரின் மேல் ஆத்திரமாக வந்தது. திருடியிருந்தால் திருடினேன் என்று சொல்லித் தொலைக்கலாமே, இப்படி ஒருவனைப் பெருமைப்பட வைத்துவிட்டுக் கழுத்தறுப்பதா என்று நினைத்தேன். துணி வியாபாரி எழுந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு லொறி வருகிறது, புத்தளத்துக்குப் போகிறோம் என்றார். வண்டியை என்ன செய்வது என்று கேட்டேன். "அவனே வச்சிருக்கட்டும். அவன்ர தானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம், கடையில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, தாழ்வுபாட்டு மனிதர் வந்தார். சைக்கிளில் வந்திருந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்று கேட்டார்.

"தங்கச்சி, இரும்பில நம்பர் வெட்டுற அச்சு உங்களிட்ட இருக்கோ?"

நான் கோபத்தை அடக்கிக்கொண்டு, "என்னத்துக்கு?" என்றேன்.

"வண்டிக்குத் திரும்ப நம்பரை வெட்டிவிட்டா அந்தக் கொழும்பு ஆள் வாங்குவார்தானே? அவனுக்குச் சொல்லவேண்டாம். நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுங்கோ. பெயின்ற்றுக்குக் கீழ இருந்தது எண்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது கள்ள வேலை, அதற்காக உள்ளே போடுவார்கள் என்று சொன்னேன். செய்தாலும் பலிக்காது என்றும் சொன்னேன். அந்தத் தொழிற்சாலையின் எழுத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது, அராவிய இரும்பு பள்ளமாகிவிட்டது, ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்கள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றேன்.

"அதுசரி, எந்த நம்பரை வெட்டப்போறியள்?"

"வண்டியின்ர நம்பரைத்தான்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? புத்தகம் அவரிட்ட எல்லோ இருக்கு. புத்தளத்துக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மீன் ஏலம் கூறுகிறவர் போல ஒரே மூச்சில் இரண்டு நம்பரையும் சொன்னார். முதலில் இங்கிலீசு எழுத்து, பிறகு இலக்கங்கள். கழுத்தில் இருந்தது இது, எஞ்சினில் இருந்தது இது என்று பிரித்தும் சொன்னார். நான் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். கதவைப் பாதி சாத்தினேன்.

அரம் போட்டது அவர்தான். நண்பர் போய்க் கொஞ்ச நாளில் வாகனம் கேட்டு வீடு வீடாக வரத் தொடங்கினார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. வந்தவர்கள், கொண்டுபோனவர்கள், மறித்தவர்கள் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கொடுத்த வண்டி எங்காவது பிடிபட்டால் நம்பரைப் பார்ப்பார்கள், நம்பரைப் பார்த்தால் பதிவுக் கந்தோர் ஏட்டில் பெயரைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்த்தால் புத்தளத்துக்குப் போவார்கள். இது அவருடைய கணக்கு. அதனால் நம்பர்த் தகட்டை உடைத்துக் கடலில் போட்டுவிட்டு, இரண்டு நம்பரையும் அராவினார்.

"அராவுறதுக்கு முதல் பாடமாக்கிப்போட்டன், தங்கச்சி. எழுதி வைக்கப் பயம். அவன் வந்து இது என்ர வாப்பாட வண்டிதானோ எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

கடைசியில் வண்டியை யாரும் கொண்டுபோகவில்லை. மனைவிக்குப் பிள்ளைப்பேற்று வலி வந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவிச்சியைக் கூட்டிவரத் தானே அதை எடுத்துக்கொண்டு போனார். சென்றியில் மறித்தார்கள். தகடு இல்லை, புத்தகம் இல்லை, நம்பரை அராவியிருக்கிறது. யாருடைய வண்டி என்று கேட்டார்கள். என்னுடையது என்றார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப என்னுடையது என்றார். அவரை இரண்டு மாதம் உள்ளே வைத்திருந்து, பிறகு வண்டியோடு விட்டார்கள். இடது காது கேட்காமல் போனது அங்கேதான். அதையும் அவர் மழை பெய்தது என்பது போலத்தான் சொன்னார்.

நான் அழுதேன். அரத்தின் கோடுகளைப் பார்த்தவுடன் களவு என்று முடிவுகட்டிய என் கண்ணை நினைத்துத்தான் முதலில் அழுகை வந்தது, பிறகு மற்றதை நினைத்து.

"ஏன் அன்றைக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அவன் வண்டியை விப்பானோ? என்னட்டயே தந்திடுவான். அவன்ர குணம் எனக்குத் தெரியும். பிறகு கூரை என்னெண்டு போடுறது? நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

"நான் ஒரு சத்தியமும் பண்ணேல்லை, அண்ணன். எழும்புங்கோ, போவம்" என்றேன்.

இதில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், வாசிப்பவர் வீணாக எதிர்பார்க்கக் கூடாது. கொழும்புக்காரர் அந்த வண்டியை வாங்கவில்லை. முழுக்கதையையும் பிறகு அவருக்குச் சொன்னேன். உருகிப்போனார். "ஆனா அக்கா, கதையைப் பதிய ஏலாதே" என்றார். அவர் சொன்னது சரி, எனக்குத்தான் இரண்டு நாள் கோபம் ஆறவில்லை.

கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து, தாழ்வுபாட்டு மனிதரையும் இழுத்துக்கொண்டு துணி வியாபாரியின் வீட்டுக்குப் போனேன். சுவர்களுக்கு மேல் தறப்பாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாம் கட்டி முடிந்திருந்தது. பாய்கள் சுருட்டிக் கயிறு போட்டிருந்தன, சட்டி பானைகளைச் சாக்குகளில் போட்டு வாயைத் தைத்திருந்தார்கள். துணி வியாபாரியின் மனைவி கடைசிச் சாக்கின் மேல் அமர்ந்திருந்தார். துணி வியாபாரி நண்பரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நானா, வண்டியின்ர புத்தகத்தை எடுங்கோ" என்றேன்.

"இனி என்னத்துக்குத் தங்கச்சி? அதெல்லாம் முடிஞ்சுது."

"எடுங்கோ எண்டு சொல்லுறன்."

என் குரலுக்குப் பயந்தோ என்னவோ, பையைத் திறந்து எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். நான் நண்பரைப் பார்த்து, சொல்லுங்கோ என்றேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். சொல்லாவிட்டால் நானே எல்லாவற்றையும் சொல்லுவேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எழுத்து, பிறகு இலக்கங்கள். துணி வியாபாரியின் விரல் தாளில் ஊர்ந்து போனது, நின்றது.

"இன்னொருக்காச் சொல்லு."

இன்னொரு முறை சொன்னார். எஞ்சின் நம்பரையும் சொன்னார். துணி வியாபாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் புத்தகத்தை நீ கண்டதில்லை. இரும்பிலதான் பாத்திருக்கிறாய்." பிறகு மெதுவாக, "அப்ப நீயோ அரம் போட்டனீ?" என்றார்.

"ஓம்."

"ஏன்டா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். சென்றி, இரண்டு மாதம், காது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். நான் சொல்லி முடிக்குமட்டும் துணி வியாபாரி நண்பரின் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம்.

"மடையா! என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே! நான் அங்க ஓலைக் கொட்டில்ல கிடந்தனான். என்னட்ட வந்து என்னத்தை எடுத்திருப்பாங்கள்? ரெண்டு கேள்வி கேட்டிட்டுப் போயிருப்பாங்கள்!"

மற்றவர் வலது காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உன்ர பேரை ஒருக்கா எழுதினாங்களெண்டா அது அழியாது, மச்சான். பிறகு நீ எப்பிடி ஊருக்குத் திரும்பி வாறது?"

துணி வியாபாரி நிலத்தில் குந்திவிட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன், ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். போவோம் என்று நான் திரும்பியபோதுதான், அதுவரை சாக்கின் மேலேயே இருந்த துணி வியாபாரியின் மனைவி எழுந்தார்.

"இரிங்கோ. தேத்தண்ணி குடிக்காமப் போகக் கூடாது" என்றார்.

தேத்தண்ணிக் கேத்தில் எந்தச் சாக்கில் இருக்கிறது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. கத்தியை எடுத்து ஒவ்வொரு சாக்காகத் தையலை அறுத்து, சட்டிகளை, தட்டுகளை, போத்தல்களை எல்லாம் வெளியே எடுத்து அந்தக் கூரையில்லாத வீட்டின் தரையில் வைத்துக்கொண்டே போனார். முதல் சாக்கிலேயே கேத்திலின் மூக்கு வெளியில் தெரிந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஆனாலும் மற்றச் சாக்குகளையும் அறுத்தார்.